மஞ்சள் தடவி வெச்ச கோர்ட்டு நகல்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழை விடாம ஊத்திக்கிட்டிருந்த ஒரு திங்கக்கிழமை, என்னோட விவாகரத்துக் காயிதத்துக்கு நகல் வாங்கக் கொல்லிமலையில இருந்து கீழே டவுன் கோர்ட்டுக்கு இறங்கினேன். அரை நாள் வேலைன்னுதான் நெனச்சேன். பக்கத்துக் கடை அக்காகிட்ட, "மத்தியானம் வந்துருவேன், அன்னாசிய ஈ மொய்க்காம பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனேன்னா பாத்துக்கோங்களேன், என் தைரியத்தை.

வாசலூர்பட்டி படகு ஏரிக்குப் பக்கத்துல எனக்கு ஒரு சின்னக் கடை. அன்னாசி, பலாச்சுளை, மிளகுப் பொட்டலம் விக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான். பத்தொம்பது வயசுல, எங்க மலையிலயே இன்னொரு பக்கம் இருக்கிற பைல் நாட்டுல என்னைக் கட்டிக் குடுத்தாங்க. மூணு வருஷம் இருந்தேன், ஒத்து வரலை. யார் மேல தப்புன்னு அப்பக் கேட்டிருந்தா அடிச்சுச் சொல்லியிருப்பேன். இப்ப அவ்வளவு உறுதியாச் சொல்ல மாட்டேன். குழந்தை இல்லை. பொறந்த ஊட்டுக்கே திரும்பி வந்துட்டேன்.

பல வருஷம் கழிச்சு, பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சரக்கெடுக்க மினி லாரியில மலைக்கு வார ஒருத்தர், பொண்டாட்டிய இழந்தவர், ஒரு நாள் அன்னாசி மூட்டைய ஏத்திக்கிட்டே என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டாரு. நான் "மொதல்ல மூட்டைய ஒழுங்கா வையுங்க"ன்னேன். ஆனா சரின்னுதான் அர்த்தம்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்க அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க, ஒரே ஒரு நிபந்தனையோட. "மலையில வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம் கண்ணு. மொதக் கல்யாணம் முடிஞ்சுதுன்னு சர்க்கார் முத்திரை போட்ட காயிதம் ஒண்ணு கொண்டா. தையில ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்." ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும் அதையேதான் கேட்டாங்க.

எனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லை. ஏன்னா நான்தான் கோர்ட்டுக்குப் போனவளாச்சே! அந்தக் காலத்துல என் மொத ஊட்டுக்காரரு கேஸ் போட்டாரு. நானும் ரெண்டு தடவை, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கிட்டு மலை இறங்கிப் போனேன். வக்கீல் காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதுக்குள்ள எங்க ரெண்டு ஊருப் பெரியவங்களும், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னாடி உக்காந்து பேசினாங்க. தாலியக் கழட்டிக் குடுத்தேன். "இனி அவ யாரோ, நீ யாரோ"ன்னு சொல்லித் தீத்து உட்டாங்க. எங்க மலையில அதுக்கு மேல ஒரு பேச்சே கிடையாது. கோர்ட்டுல கையெழுத்தும் போட்டாச்சு, ஊருலயும் தீந்தாச்சு. என் மனசுல ரெண்டும் ஒரே சமாச்சாரமா ஒட்டிக்கிட்டுது.

கோர்ட்டுல நகல் குடுக்கிற ஜன்னல்ல போய், "டைவர்ஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணுமுங்க"ன்னேன். அப்படி ஒரு சர்டிபிகேட்டே கிடையாது, தீர்ப்போட சான்றிட்ட நகல்தான் உண்டு, வழக்கு நம்பர் சொல்லுங்கன்னாரு அங்க இருந்தவரு. நம்பரா? சரி, வருஷமாவது சொல்லுங்கன்னாரு. "எங்க மிளகுக்கொடி முச்சூடும் வாடல் நோய்ல போச்சுங்களே, அந்த வருஷமுங்க"ன்னேன். அவரு பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்தாரு. அந்த ஜன்னல்ல கேட்டா இந்த ஜன்னல், இந்த ஜன்னல்ல கேட்டா மாடி. மாடியில போனா சாப்பாட்டு நேரம். கண்ணைக் கட்டிக் காட்டுல உட்ட மாதிரி சுத்தினேன்.

கடைசியில கோர்ட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில மனு டைப் அடிக்கிற ஒரு அம்மாதான் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. ஊட்டுல பழைய சம்மன் ஏதாவது கெடக்கும், அதுல நம்பர் இருக்கும், தேடிப் பாருங்கன்னாங்க. டிரங்குப் பெட்டிக்கு அடியில கெடச்சுது. அடுத்த நடையில அந்தம்மாவே நகல் மனு அடிச்சுக் குடுத்தாங்க. ஸ்டாம்பு ஒட்டிக் குடுத்துட்டு வந்தேன். அடுத்த வாரம் வாங்கன்னாங்க, போனேன். பழைய கேஸ் கட்டு இன்னும் வரலைன்னாங்க. நாலாவது நடையில காயிதம் கைக்கு வந்துது.

வட்ட முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, நூல் போட்டுத் தெச்ச காயிதம். எல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. அன்னைக்குப் பாத்து டைப் அடிக்கிற அம்மாவும் லீவு. முத்திரை இருக்கு, என் பேரு இருக்கு, அந்தாளு பேரு இருக்கு, இன்னும் என்ன வேணும்? பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு, பஸ் முழுக்கச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். ஊட்டுக்கு வந்து நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டேன்.

சந்தைக்கு மறுநாள், என்னைக் கட்டிக்கப் போற பேளுக்குறிச்சிக்காரரு வந்தாரு. காயிதத்தைக் குடுத்துட்டு டீ போட உள்ளே போனேன். வந்து பாத்தா மனுஷன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாரு. இன்னொரு தடவை படிச்சுப் பாத்துட்டு, "இதுல விவாகரத்து ஆனதா இல்லை. கேஸைத் தள்ளுபடி பண்ணினதாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் ஆஜராகலைன்னு போட்டிருக்குது"ன்னாரு.

அடக் கெரகமே! எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. அப்புறம் மெல்ல மெல்லத்தான் உறைச்சுது. ஊருல தீத்து உட்ட அன்னையோட எங்களுக்குக் கோர்ட்டு ஞாபகமே போயிருச்சு. தீந்துபோன காரியத்துக்கு எதுக்குப் பஸ் ஏறோணும்னு நான் போகலை. என் மொத ஊட்டுக்காரரும் போகலை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுக் கோர்ட்டு கேஸை மூடிருச்சு. அப்போ நான் இன்னும் அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியா? ஊரு இல்லைங்குது. காயிதம் என்ன சொல்லுது? அத்தனை வருஷத்துக்கு முன்னாடி நான் கழட்டிக் குடுத்தது தாலியா, வெறும் கயிறா? பேளுக்குறிச்சிக்காரரு தன் அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லலைன்னு சொல்லிட்டு, டீயத் தொடாமக் கிளம்பிட்டாரு. லாரி சத்தம் மறையிற வரைக்கும் நின்னுட்டு, உள்ளே போய் ஓன்னு அழுதேன்.

மறுநாளே டைப் அடிக்கிற அம்மா முன்னாடி போய் நின்னேன். மஞ்சளைப் பாத்துட்டு, "தள்ளுபடிக்கெல்லாம் பூசை போட்ட ஆளு நீங்கதான்"னு சிரிச்சாங்க. என் மூஞ்சியப் பாத்ததும் சிரிப்பை நிறுத்திட்டாங்க. தள்ளுபடின்னா கோர்ட்டு ஒண்ணும் முடிவு சொல்லலைன்னுதான் அர்த்தம், உங்க மலைச்சனங்களுக்கு அவங்க வழக்கந்தான் சட்டம், அதும்படி தீத்து உட்டது செல்லும், ஆனா அதை நிரூபிச்சுக் கோர்ட்டு வாயால சொல்ல வைக்கோணும்னு வெளக்கினாங்க. அதே கட்டடத்துல இலவச சட்ட உதவி ரூமுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்த வக்கீலம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணு சொன்னாங்க. அந்த மனுஷன் வந்து 'ஆமா'ன்னு சொன்னா சுலபம், மறுத்தா இழுக்கும்.

போச்சுடா! பதினோரு வருஷமா எவன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேனோ, அவன்கிட்டயே போய் நிக்கோணும். பைல் நாட்டுக்குப் போற பஸ்ஸுல உக்காந்து, என்னென்ன திட்டோணும்னு ஒண்ணொண்ணா அடுக்கி வெச்சுக்கிட்டுப் போனேன். கேஸ் போட்டது அவன், பாதியில உட்டது அவன், மாட்டிக்கிட்டது நானா?

கதவைத் தெறந்தது அவரு பொண்டாட்டி. என்னைவிடச் சின்னவ, இடுப்புல ஒரு பொண்ணு. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. "நனைஞ்சுட்டீங்களே, உள்ளே வாங்கக்கா"ன்னு தலை துவட்டத் துண்டு குடுத்தா. அந்தப் பாசம்கூட எனக்கு அன்னைக்கு எரிச்சலா இருந்துது. நான் யாருன்னு சொன்னேன். சொன்னதோட நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு நிக்கலை. காயிதத்தை நீட்டி, "இது பிரகாரம் பாத்தா நான்தான் இன்னும் இந்த ஊட்டு ஆளுக்குப் பொண்டாட்டி"ன்னுட்டேன்.

அவ காயிதத்தை வாங்கலை. புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. சன்னமா, "அப்போ நான் யாருங்க்கா?"ன்னு கேட்டா.

சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிஷம் வரைக்கும் இப்படி ஒருத்தி இருப்பான்னு நான் யோசிச்சதே இல்லை. என் கல்யாணம், என் மானம், என் தை மாசம்னே ஓடிக்கிட்டிருந்தேன். வாய் நீளம்னு பேரெடுத்தவ, அவ குடுத்த துண்டைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் நான்தான் அவளை உக்கார வெச்சு, டைப் அடிக்கிற அம்மா சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். "ஊரு தீத்தது செல்லும் சாமி, நீ பயப்படாதே"ன்னு நாலஞ்சு தடவை சொல்லியிருப்பேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கிட்டேனான்னு தெரியலை.

மரவள்ளிக் காட்டுல இருந்து அவரு சேத்துக் காலோட வந்தாரு. நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி அவளே எல்லாத்தையும் சொல்லிட்டா. அவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "ஊருல தீத்தாச்சே, அப்புறம் கோர்ட்டுக்கு எதுக்குப் போகோணும்னு உட்டுட்டேன். நீயும் அப்படித்தானே?"ன்னாரு. அடுக்கி வெச்ச திட்டுல ஒண்ணுகூட வெளிய வரலை. நானும் அப்படித்தானே! எப்பக் கூப்பிட்டாலும் வாரேன்னாரு. அவரு சொன்னதை முழுசா நம்பாம, "நானும் கூட வாரேன்"னா அவ.

வக்கீலம்மா என் பேருல புதுசா ஒரு கேஸ் போட்டாங்க. சொன்ன மாதிரியே ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை எழுப்பிக் கூட்டிட்டு வந்தவ அவதான். தை போச்சு, மாசி போச்சு. பேளுக்குறிச்சிக்காரரு நடுவுல ரெண்டு வாரம் மலைக்கே வரலை. சரி, அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மூணாவது வாரம் லாரியோட வந்து, அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், எத்தனை மாசமானாலும் பொறுக்கலாம்னு சொல்லிட்டாங்கன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதை மறைக்க அன்னைக்குச் சரக்கு வெலையில அவரோட நல்லாச் சண்டை புடிச்சேன்.

ஊர்க்கவுண்டர் கூண்டுல ஏறி நடந்ததைச் சொன்னாரு. என் மொத ஊட்டுக்காரரு கையக் கட்டிக்கிட்டு, "ஆமாங்க, அன்னைக்கே தீத்து உட்டுட்டோமுங்க"ன்னாரு. ஆனி மாசம் தீர்ப்பு வந்துது. எங்க வழக்கப்படி நாங்க பிரிஞ்சது அப்பவே செல்லும்னு ஜட்ஜம்மா சொன்னாங்க.

நகலுக்கு மனு அடிக்கையில ரெண்டு வேணும்னேன். எதுக்கு ரெண்டுன்னு டைப் அடிக்கிற அம்மா கேட்டாங்க. வராந்தாவுல மடியில புள்ளையோட உக்காந்திருந்தவளைக் காட்டினேன். அந்தம்மா ரெண்டு மனு அடிச்சாங்க.

நகல் கைக்கு வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் அந்த வராந்தாவுலயே உக்காந்தோம். இந்தத் தடவை நான் ஏமாறத் தயாரில்லை. பேளுக்குறிச்சிக்காரரை நிக்க வெச்சு, வரிக்கு வரி தமிழ்ல சொல்ல வெச்சேன். முடிச்சதும் அவ, "இன்னொருக்கா சொல்லுங்கண்ணா"ன்னா. அவரு மறுபடியும் சொன்னாரு. அவ காயிதத்தை நாலா மடிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டா.

ஆவணியில எங்க கல்யாணம் ரிஜிஸ்டர் ஆச்சு. இப்பவும் அவளும் நானும் போன்ல பேசிக்கிறோம். என் விடுதலைக்குன்னு நான் அலைஞ்ச காயிதம், என்னைவிட அவளுக்குத்தான் அவசியமா இருந்துதுன்னும், அது தெரியாம ஒரு வார்த்தையில அவளைக் கலங்க வெச்சேன்னும் நெனச்சா, எனக்கு இன்னைக்கும் தலை தானாக் குனியுது.