ரிப்போர்ட் வரும்வரை தலைக்கு ஊற்றவில்லை

கட்டி கைக்குத் தட்டுப்பட்டது ஒரு தண்ணீர் நாளில். கோடையில் போர்ட் பிளேயரில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. ஹேடோவில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் முக்கால் மணி நேரம். அதற்குள் டிரம்களை நிரப்ப வேண்டும், துணி அலச வேண்டும், குளித்தும் முடிக்க வேண்டும். அன்று அவசரமாக வலது அக்குளில் சோப்புப் போடும்போது மார்பின் வெளியோரத்தில் புளியங்கொட்டை அளவில் ஏதோ இருந்தது. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை. வெளியே டிரம் வழிகிற சத்தம் கேட்டதும் அதை விட்டுவிட்டுக் குழாயை மாற்றப் போனேன்.

அப்படியே இரண்டு மாதம் விட்டுவிட்டேன். இதைப் படிக்கும் நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். நான் அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவில் வேலை செய்பவள். கடிதம் வந்து பதிவேட்டில் எண் விழுந்தால்தான் எங்களுக்கு ஒரு விஷயம் இருப்பதாகவே கணக்கு. வலிக்காத ஒன்றை நோய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாமோகிராம் (மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே), பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), அதன்பின் மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுவதுமாக எடுக்கும் அறுவைச் சிகிச்சை). அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (உடம்பில் கிருமியை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள்) எடுத்தார்கள். எடுத்ததை எல்லாம் முழுப் பரிசோதனைக்காக மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

விலாவில் ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியுமாக வீட்டுக்கு வந்தேன். தேங்கும் நீர் வடிவதற்காக வைத்தது. குப்பியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அனுப்பும்போது வங்காளி டாக்டர் இந்தியில் சொன்னார்: "காவ் மே பானி மத் லகானா" (புண்ணில் தண்ணீர் படவிடாதீர்கள்). தலையை ஆட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் எவ்வளவு தூரம் இழுத்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில், ராமநாதபுரத்தில், அம்மை போட்டு இறங்கினால் வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அதோடு நோய் போய்விட்டது என்று பொருள். கடல் தாண்டி வந்த எங்கள் குடும்பம் அம்மைக்கு உண்டான அந்த வழக்கத்தை எல்லா நோய்க்கும் நீட்டி வைத்திருந்தது. டைபாய்டு வந்தாலும், குடலிறக்க ஆபரேஷன் நடந்தாலும், தலைக்கு ஊற்றினால்தான் குணம்.

தையலைப் பிரித்துக் குழாயையும் எடுத்த மறுநாளே சௌல்தாரி கிராமத்திலிருந்து மதினி வந்துவிட்டாள். என் கணவர் தனபாலின் அக்கா. பாக்குத் தோட்டமும் காய்கறியுமாக இருப்பவள். வரும்போதே வேப்பிலைக் கொத்தோடு வந்தாள்.

"வசந்தி, வார வெள்ளிக்கெழம மொதத் தண்ணி ஊத்திருவமா? ஊத்துனாத்தானத்தா சீக்கு எறங்குனதா அர்த்தம்."

"ரிப்போர்ட் வரல மதினி."

"மெயின்லேண்டு ரிப்போர்ட்டு, ஷிப்பு மாதிரில்ல. எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? அதுவரைக்கும் இப்படியேவா கெடப்ப?"

"வரட்டும். வந்தபெறகு ஊத்திக்கிறேன்."

மதினி எழுந்துகொண்டாள். பிறகு வேப்பிலையை வாசல் நிலையில் செருகிவிட்டுப் போனாள்.

எனக்கு வேண்டியது ஒரே வரி. கணுக்களில் நோய் இல்லை என்ற வரி. அது வராமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குணமாகிவிட்டதாக ஊருக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும். உத்தரவு வராமல் கோப்பை மூட எனக்குப் பழக்கமில்லை. இன்னொன்றும் உண்டு. நான் முந்திக்கொண்டால் அந்தக் காகிதத்தில் கெட்டது வந்துவிடும் என்று பயந்தேன். படித்தவள்தான். ஆனாலும் அப்படித்தான் பயந்தேன்.

தலைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவியது. டாக்டர் தண்ணீர் படக்கூடாது என்றாரே என்று முகத்தையும் காலையும் மட்டும் துடைத்துக்கொண்டேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கணவர் துடைத்துவிட வந்தால் கதவைச் சாத்தினேன். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர்தான். ஆனால் மார்பு இருந்த இடத்தில் வெறும் கோடு கிடப்பதை நானே கண்ணாடியில் பார்த்திருக்கவில்லை. அவர் எப்படிப் பார்ப்பார்?

நம் தீவு வெயிலில் ஒரு நாள் குளிக்காவிட்டாலே உடம்பு பிசுபிசுக்கும். எனக்கு மூன்று வாரம் தாண்டியது. தலையில் வியர்வை ஊறிக் கொப்புளங்கள் வந்தன. பின்னல் கயிறாகத் திரிந்துவிட்டது. இடது மார்பின் அடியிலும் இடது அக்குளிலும் சிவந்து எரிந்தது. பார்க்க வந்தவர்கள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். என்மேல் நாற்றம் அடித்தது. அது எனக்கும் தெரியும்.

கட்டு மாற்றும் அறையில் இருந்த நர்ஸ் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண். புஷ்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் படுக்கச் சொன்னபோது தலையில் சுற்றியிருந்த துப்பட்டா நழுவிவிட்டது.

"என்னா அக்கா இது? தலைக்குக் குளிச்சு எத்தன நாளுங்க?"

"இருபத்தேழு."

"டாக்டர் பானி மத் லகானான்னு சொன்னது காவுக்குங்க, அந்தப் புண்ணுக்கு. தலைக்குமா சொன்னாரு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். முதல் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இடது மார்பைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"ரிப்போர்ட்டுல என்னா வேணாலும் வரட்டுங்க. அடுத்து மருந்து ஏத்தணும்னா தோல் சுத்தமா இருக்கணும். இந்தக் கொப்புளம் சீழ் வச்சிச்சுன்னா தேதி தள்ளிப் போயிரும். தள்ளிப்போட ஒங்ககிட்ட டயம் இருக்கா அக்கா?"

தலையை மூட நான் எடுத்த துப்பட்டாவைப் புஷ்பம் வாங்கி ஓரமாக வைத்தாள்.

"வீட்ல யாரு இருக்காங்க ஊத்த?"

"அவரு இருக்காரு."

"அச்சா. உள்ள வரச் சொல்லுங்க."

தனபால் உள்ளே வந்து மின்விசிறியைப் பார்த்தபடி நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலிலிருந்து டன் கணக்கில் சரக்கை இறக்கும்போதுகூட அவர் அப்படி விறைத்து நின்றிருக்க மாட்டார். புஷ்பம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை விளிம்புக்கு வெளியே வரச் செய்ய வேண்டும். கழுத்தடியில் சுருட்டிய துண்டு, வலது கைக்குக் கீழே தலையணை. கட்டின்மேல் பிளாஸ்டிக் தாள். ஷாம்புவை நேராகத் தலையில் கொட்டாமல் ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். மடிப்புகளைத் துடைத்தபின் ஈரம் துளியும் நிற்கக் கூடாது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"தண்ணி சூடாவா, பச்சையாவா?"

"வெதுவெதுன்னு. மொழங்கைல ஊத்திப் பாருங்க அண்ணே, கொழந்தைக்குப் பாக்கற மாதிரி."

அன்று புதன்கிழமை. பெண்கள் தலைக்குக் குளிக்க எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும்தான். அவர் கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு திரும்பியதும் பெஞ்சை இழுத்துப் பின்பக்கம் போட்டார். தண்ணீர் வராத நாள். டிரம்மில் மிச்சமிருந்ததை எடுத்து அடுப்பில் வைத்தார்.

அத்தனை வருடத்தில் அவர் என் தலைமுடியைத் தொட்டு அவிழ்த்தது அதுதான் முதல் முறை. பின்னலின் சிக்கை எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. தண்ணீர் காதுக்குள் போனது.

"ஏங்க, நான் சிமெண்ட் மூட்டை இல்ல."

"சிமெண்ட் மூட்டை பேசாது."

சிரித்தேன். சிரித்த வேகத்தில் தையல் இடம் இழுத்தது, அழுகை வந்துவிட்டது. தண்ணீர் சுடுகிறதோ என்று பதறிக் கையை எடுத்தார். இல்லை என்றேன். மக்கைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அந்த ரிப்போர்ட்ட நெனச்சாப் பயமாத்தான் இருக்கு வசந்தி. நீ அழுக்காக் கெடந்தா அது நல்லா வரும்னா சொல்லு. நானும் குளிக்காம இருக்கேன்."

இருபத்தேழு நாளாக அந்தப் பயத்தை நான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்தேன். மனுஷன் என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் அதை வெளியே காட்டாமல் டிரம் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நைட்டி நனைந்துவிட்டது. மாற்ற வேண்டும். நான் கதவைப் பார்த்தேன். அவர் போகவில்லை. பொத்தான்களை அவரே கழற்றினார், துண்டால் ஒற்றினார், கட்டுக்கு வெளியே தெரிந்த தழும்பைப் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. மரத்துப்போய்க் கெடக்கு."

ஆறு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. வெட்டியெடுத்த சதையின் ஓரங்கள் சுத்தம், அங்கே நோய் மிச்சமில்லை. கணுக்களில் மூன்றில் நோய் இருந்தது. நான் கேட்டிருந்த வரி வரவில்லை. கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது) வேண்டும் என்றார் டாக்டர். முடி கொட்டும் என்றும் சொன்னார். பிறகு தலையையும் அக்குளையும் பார்த்தார். கொப்புளங்கள் காய்ந்திருந்தன. அடுத்த வாரமே தொடங்கலாம் என்றார்.

மதினிக்கு போனில் சொன்னேன்.

"அப்ப தண்ணி ஊத்த முடியாதுல்லத்தா?"

"ஊத்தியாச்சு மதினி. போன புதன்கெழம."

"புதன்கெழமயா? பொம்பள புதன்கெழமயா தலைக்கு ஊத்துவா? அவனுக்குத்தான் அறிவில்ல, ஒனக்குமா இல்ல?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது ஐந்து தவணை மருந்து முடிந்துவிட்டது. இரண்டாவது தவணைக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. மிச்சத்தை அவரே மழித்துவிட்டார். நோய் முடிந்த நாள் என்று ஒன்று வரும், அன்று தண்ணீர் ஊற்றி எழுந்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். பல வருடம் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆகவே அந்த நாளுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். முடியில்லாத தலைக்குத் தண்ணீரும் கொஞ்சம் போதும். தினமும் ஊற்றிக்கொள்கிறேன். கிழமை பார்ப்பதில்லை.

இதே ஆபரேஷன் ஆனவர் என்றால், கை மேலே எழும்புவதற்காக உங்களுக்கும் சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி சொல்லியிருப்பார்கள். சலிப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைகூட ஏறாது. விடாதீர்கள்.

போன செவ்வாய் காலை குளித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் முடியைத் தாண்டித்தான் தண்ணீர் இறங்கும். நாற்பத்தெட்டு வருடத்தில் இப்போதுதான் தண்ணீர் நேராக மண்டைத்தோலில் விழுவது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. சோப்பை வலது கையில் வைத்திருந்தேன். கை தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது. இழுத்தது, ஆனால் நிற்கவில்லை. உள்ளங்கை உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. அங்கே ஒரு முடிகூட இல்லை. அக்குள் பக்கம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. இருந்தாலும் அது என் தலை, என் கை.

கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

"நான் வந்து ஊத்தட்டுமா?"

"வேணாங்க. எட்டுது."

"எதுவரைக்கும்?"

"உச்சி வரைக்கும்."

கதவடியில் தெரிந்த அவர் நிழல் நகரவில்லை. நான் இன்னொரு மக் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.