பிணத்துக்கு மட்டும் திறக்கும் கேட்

சரோஜாக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அப்புறம் எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் தொலைந்தார்கள். மைசூர் மைன்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே குக்கர் விசில் அடித்தால் இங்கே என் மகன் சோறு கேட்பான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஒட்டட்டுமே. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் தங்கம், தங்கம் என்று வாயைப் பிளப்பார்கள். தங்கமாவது மண்ணாங்கட்டியாவது. சுரங்கத்தை இழுத்து மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மாமனார் காலத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். நாங்கள் விடியும் முன்னே ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறோம். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன். சரோஜாக்கா வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் கக்கூஸ் கழுவி, காபி மெஷினைத் துடைக்கிறாள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறோம். எங்கள் தெருவை நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அந்த ரயிலை விட்டால் அன்றைய வேலை போயிற்று. சரோஜாக்காவின் ஆபீஸில் விரலை வைக்கும் மெஷின் இருக்கிறது. அதற்கு முட்டிவலி தெரியாது, மழை தெரியாது. தாமதம் என்றால் தாமதம்தான்.

லைன் முடிகிற இடத்திலிருந்து பழைய ஃபுட்பால் கிரவுண்டைக் குறுக்காகக் கடந்தால் பத்து நிமிஷத்தில் ஸ்டேஷன். ஸ்டேஷனைத் தாண்டினால் எங்கள் சுடுகாடு. வேலைக்குப் போகிறவர்களும், காடு சேர்கிறவர்களும் காலங்காலமாக அந்த ஒரே வழியில்தான் போனோம். திடீரென்று ஒருநாள் கிரவுண்டில் ஜேசிபி வந்து நின்றது. யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் ஊரிலேயே இருப்பதில்லையே! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வீடு முளைத்திருக்கும். ஸ்டேஷன் பக்கம் முன்பக்கக் கேட் போட்டு, ஸ்வர்ண கார்டன் லேஅவுட் என்று ஆர்ச் வைத்தார்கள். சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பினார்கள். எங்கள் லைன் பக்கம் ஒரு இரும்புக் கேட் போட்டு, 'உள்ளே குடியிருப்பவர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டினார்கள். மூன்று தலைமுறையாக இங்கே குடியிருப்பவர்கள் நாங்கள். நேற்று கிரகப்பிரவேசம் பண்ணியவன் எங்களுக்குப் போர்டு மாட்டுகிறான்.

சுற்றிக்கொண்டு போகலாம் என்றார்கள். போகலாம்தான். தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சைனைட் மேட்டின் அடிவாரத்தோடு, புழுதியைத் தின்றுகொண்டு, நாய்களுக்குக் கல் பொறுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்கலாம். சரோஜாக்காவின் முட்டி கழன்ற கதவுபோல ஆடும். அவளை வைத்துக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரம்.

லேஅவுட் சங்கத்துக்குச் செயலாளர் வெங்கடசாமி. இந்தப் பக்கத்துப் பெரிய மெஷின் ஃபேக்டரியில் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ்க்காரர்தான். நம்ம ஆளாயிற்றே, சொன்னால் கேட்பார் என்று நானும் சரோஜாக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்திப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

“புரியுது சரோஜம்மா. ஆனா செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்கே. எங்க லேஅவுட்ல வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குப் பாஸ் குடுத்திருக்கோம். உங்க லைன் ராதிகாகூட வருதே. நீங்களும் இங்கயே ஒரு வீட்டு வேலை பார்த்துக்கலாமே? எதுக்கு பெங்களூரு வரைக்கும் அலையறீங்க?”

சரோஜாக்கா முந்தானையைச் செருகினாள்.

“அப்போ உங்க வூட்டுப் பாத்திரம் தேய்ச்சாத்தான் நான் என் வழியில நடக்கலாம். அதான சார் சொல்றீங்க?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“வேற இன்னா சொன்னீங்க?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது சரோஜாக்காவின் கணவர் தாமோதரன் மாரடைப்பில் போனார். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டைத் திறக்கச் சொல்லி ஃப்ரெடி போய்க் கேட்டான். ஃப்ரெடி எங்கள் லைன் பையன்தான். என்னோடு அதே ரயிலில் வருகிறவன். ரெண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார்கள். பாடை உள்ளே நுழைந்தபோது வெங்கடசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார். தெருவிளக்கைக்கூடப் போட்டார்கள். சரோஜாக்கா அத்தனை அழுகையிலும் என் கையைப் பிடித்து, “நல்ல மனுஷன்தான் சுனிதா, நாமதான் தப்பா நெனச்சுட்டோம்” என்றாள். நானும் நம்பினேன். எங்கள் புத்தியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது!

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் அவள் என்னோடு வேலைக்குக் கிளம்பினாள். பழகிய கால் நேராகக் கேட்டுக்குத்தான் போனது. வாட்ச்மேன் நாகேஷ் பேத்தமங்களா பக்கத்துப் பையன். வயலில் போதவில்லை என்று இங்கே குச்சி பிடிக்கிறான். நல்லவன். தலையைச் சொறிந்தான்.

“அக்கா, அன்னிக்குத் தொறந்தது பாடிக்கு. பாடிக்கு மட்டும்தான் பர்மிஷன்.”

“நேத்து வரைக்கும் அழுதுகினு இருந்தவடா நானு.”

“இன்னா பண்றது அக்கா, ரூல்ஸு. உசுரோட இருக்கறவங்களுக்கு இல்ல.”

சுற்றிக்கொண்டு ஓடினோம். நாங்கள் ஸ்டேஷன் படியேறும்போது கடைசிப் பெட்டி கண்ணெதிரே நகர்ந்தது. சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டான்: இன்னொரு தரம் லேட்டாக வந்தால் வரவே வேண்டாம், வேறு ஆள் ரெடியாக இருக்கிறது. புருஷன் போன வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான் மிச்சம். அக்கா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“சுனிதா, அவன் இன்னா சொன்னான்? பாடிக்கு மட்டுமா?”

“ஆமாக்கா.”

“சரி. பாடியாவே போறேன்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலுக்குப் போகிற எல்லோரையும் தன் வீட்டு முன்னால் கூட்டிச் சொன்னபோதுதான் புரிந்தது. மூங்கில் கட்டு, பூ வாங்கு, தப்பட்டை எடு, என்னைப் படுக்க வைத்துத் தூக்கு. இவ்வளவுதான் திட்டம். ஃப்ரெடி கைதட்டிச் சிரித்தான். எதிர்வீட்டுப் பார்வதம்மா மண்ணை வாரித் தூற்றாத குறை. செத்துப்போன மைன்ஸ் பென்ஷன்காரரின் மனைவி, வீட்டை விட்டு நகராதவள்.

“அடிப்பாவி! உசுரோட பாடையில படுப்பாங்களா? லைனுக்கே ஆவாதுடி. அபசகுனம்!”

“என் தாலியே போயாச்சு. இன்னும் இன்னா சகுனம் பாக்கணும் நான்? நீ வூட்ல குந்திகினு பேசுவ. எனக்கு வேலை போவுது.”

பார்வதம்மா கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். பென்ஷன்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கு ரயிலா, கேட்டா, எதுவும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடியலில் சரோஜாக்கா யூனிஃபார்ம் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, பாடையில் ஏறி நீட்டிப் படுத்தாள். டிபன் பாக்ஸை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் வெள்ளைத்துணி, அதற்குமேல் ரோஜா மாலை. நெற்றியில் காசு வைக்க வந்தவனை மட்டும் முறைத்தாள். ஃப்ரெடி, ரூபேஷ், கொர்னேலியஸ் எல்லோரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். ஜெனிட்டா ஒப்பாரியைத் தொடங்கினாள். துணிக்கடையில் பில்லிங்கில் உட்காருகிற பெண்ணுக்கு அப்படியொரு குரல் இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

“நடந்து வந்தா தொறக்காத கேட்டு, என் அக்கா, படுத்து வந்தா தொறக்குதே! காலு இருந்தப்போ வழியில்ல, என் தாயே, கண்ண மூடினா வழியாச்சே! செயலாளரு வூட்டுக்கு வெளக்கு எரியுது, எங்க செம்மறியாட்டுக் கூட்டத்துக்குச் சாவுதான் சாவியா!”

நாங்கள் மார்பில் அடித்துக்கொண்டு நடந்தோம். நடிப்பென்று தொடங்கியது. பாதி வழியில் எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது. யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன்.

தப்பட்டைச் சத்தம் கேட்டதும் நாகேஷ் பதறிப்போய் எழுந்தான். முகத்தைப் பார்த்தான். “ஐயோ, சரோஜக்காவா? முந்தாநாள்கூடப் பேசினாங்களே!” என்று தொப்பியைக் கழற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே ரெண்டு கதவையும் திறந்தான். லேஅவுட் தெருவில் அங்கங்கே பால்கனி விளக்குகள் எரிந்தன. நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய வெங்கடசாமி ஓரமாக ஒதுங்கி, பாவம், செருப்பைக் கழற்றிக் கை கூப்பினார்.

முன்பக்கக் கேட்டைத் தாண்டியதும் பாடையை இறக்கினோம். சரோஜாக்கா எழுந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த நாகேஷ் 'அம்மா' என்று அலறிக் கீழே விழுந்தான்.

“அழாதப்பா நாகேசு. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. டைமாச்சு, வரட்டுமா?”

கழுத்து மாலையை எடுத்து அந்தக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு நடந்தாள். அன்றைக்கு எங்களுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

அன்று இருட்டியபின் ஸ்டேஷனிலிருந்து வரும்போது முன்பக்கக் கேட்டில் சங்கத்துக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முதல் தடவையாக வெங்கடசாமியின் குரல் உயர்ந்தது.

“சாவை வெச்சு விளையாடுறீங்களா? நான் உங்களைக் கும்பிட்டேன்! மனுஷங்களா நீங்க?”

“யாரு சார் வெளையாடினது? உசுரோட வந்தா கெடையாது, செத்து வந்தா தொறப்போம்னது நீங்க. உங்க ரூல்ஸுக்கு அடங்கித்தான வந்தேன்? உசுரோட ஒருத்தி முட்டி வலிக்குதுன்னு உங்க வாசல்ல நின்னப்போ கடியாரம் பாத்தீங்க. பொணத்தப் பாத்ததும் கும்பிட்டீங்க. எது சார் மனுஷத்தனம்?”

“இனிமே பாடிக்கும் கிடையாது! எவன் செத்தாலும் சுத்திக்கிட்டுத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்கே உங்க பக்கத்துக் கேட்டு ரெண்டு கதவையும் சேர்த்து வெல்டிங் வெச்சிடறேன். அந்த வாட்ச்மேனுக்கும் வேலை கிடையாது.”

அந்த மனுஷர் செய்த தப்பு அதுதான். எங்கள் லைனில் ரயிலுக்குப் போகாதவர்கள் பாதிப் பேர். அவர்களுக்குக் கேட்டைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை. ஆனால் சாகாமல் இருக்கப்போகிறவர் என்று லைனில் ஒருவரும் இல்லையே. சேதி ஒவ்வொரு சுவராகத் தாண்டிப் போயிற்று. மறுநாள் வெல்டிங்காரன் வந்தபோது கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பார்வதம்மா. அவளுக்குப் பின்னால் இருமிக்கொண்டு, தடி ஊன்றிக்கொண்டு, அத்தனை பென்ஷன்காரர்களும்.

“எங்க வூட்டுக்காரு இந்த வழியாதான் போனாரு. நானும் இந்த வழியாதான் போவேன். வெல்டிங் வெக்கறதுன்னா என் மேல வெச்சுட்டுப் போடா” என்றாளாம். ராதிகாதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவளும் மற்ற வேலைக்காரப் பெண்களும் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி, முன்பக்கக் கேட்டில் காய்ந்துகொண்டிருந்த அந்த ரோஜா மாலைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். லேஅவுட்டுக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற உதய் லைன் முனையில் வண்டியை நிறுத்திச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். லேஅவுட்டில் பாத்திரம் நாறியது. வியாழக்கிழமை உள்ளே ஒரே சண்டையாம். கேட்டைத் திறந்து தொலையுங்கள், ஒரு வாளித் தண்ணீர் இல்லை என்று பால்கனியிலிருந்து அவர்கள் வீட்டுப் பெண்களே வெங்கடசாமியைப் பார்த்துக் கத்தினார்களாம். கத்தட்டும்! நன்றாகக் கத்தட்டும்!

வெள்ளிக்கிழமை விடியலில் நாங்கள் போனபோது கேட் திறந்திருந்தது. போர்டைக் காணோம். பார்வதம்மா போட்ட அதே நாற்காலியில் நாகேஷ் உட்கார்ந்திருந்தான். அவனை விலக்கினால் மறுபடியும் வருவோம் என்று பார்வதம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள். சரோஜாக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது.

எதிரே வெங்கடசாமி நடைப்பயிற்சியில் வந்தார். ஒன்றுமே நடக்காததுபோல முகத்தில் ஒரு சிரிப்பு. நன்றி சொல்வோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“குட்மார்னிங் சரோஜம்மா” என்றார்.

அக்கா நின்றாள். முந்தானையைச் செருகவில்லை.

“உங்க கேட்டுக்குள்ள நான் பொணமாத்தான சார் வந்தேன்” என்றாள். “பொணம் குட்மார்னிங் சொல்லாது.”