கிடியன் வீட்டு ரத்தம்

கிடியன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது மூத்த மகள் லெவினாவுக்குப் பதினாறு வயது. அதற்கு முன்னால் அவருடைய அண்ணனும், அதற்கும் முன்னால் தாத்தாவின் தம்பியும் அப்படியே போனவர்கள். அமெரிக்காவில் காரும் கரண்டும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழ்கிற ஆமிஷ் கிறிஸ்தவர்களான எங்களுக்கு உறவு சொல்ல ஏடு வேண்டாம்; யார் யாருக்கு எந்த வழியில் பேரன் என்று பால் கறந்துகொண்டே சொல்லிவிடுவோம். கிடியன் வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பேச்சுதான், "ரத்தத்துல இருக்கு." அதோடு வாய் மூடிவிடும்.

லெவினாவின் அம்மாவுக்கு நான் ஒன்றுவிட்ட அக்காள். அந்தப் பெண் வளர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவள். வேலையில் கெட்டி, சிரிப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கூட்டம் முடிந்தால் டைட்டஸ் என்ற பையன் அவளைத் தன் குதிரை வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விடுவான். இரண்டு வருஷம் விட்டான். பிறகு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

அது அவன் அம்மா லிட்டியாவின் காதுக்குப் போயிற்று. அறுவடை முடிந்து ஆப்பிள் கூழ் காய்ச்சுகிற நாள், பெண்கள் எல்லாரும் அண்டாவைச் சுற்றி நின்றோம். லிட்டியா ஜாடையாகப் பேசத் தெரியாதவள். "பசுமாடு வாங்கறதுன்னாகூட தாய்மாட்டப் பாத்துட்டுதான் வாங்கறோம்" என்றாள். துடுப்பைப் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தவள் லெவினாதான். அவள் கை நிற்கவில்லை.

ஆனால் டைட்டஸிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "எனக்கு வந்தா நான் பட்டுக்கறேன். நாம பெத்தது ஒண்ணு வளந்து நின்னு, ஒரு நாள் அப்பா மாதிரி பேசாம போயிட்டா என்ன பண்ணுவோம்?" அதற்குப் பதில் தெரிந்தவர்கள் எங்களில் யார்?

அடுத்த வசந்தத்தில் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். மன இருட்டு வழிவழியாக வருகிற குடும்பங்களில் ரத்தம் எடுத்து ஆராய்கிறவள். முதல் ஆளாகக் கையை நீட்டியது லெவினா. நாங்களே ரத்தம் ரத்தம் என்று சொல்லிச் சொல்லி, குப்பியில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தோம். அவளும் அப்படித்தான் நம்பினாள். டாக்டரம்மா மறுபடி வந்ததும், எனக்கு இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்றாள் லெவினா.

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். குப்பி அப்படிச் சொல்லாது என்றாள். சங்கதி இருப்பது மூளையில். பெற்றவர்கள் வழியாக வருகிற ஏதோ ஒன்று, ஒன்றல்ல பல, சிலருடைய மூளையைத் துக்கத்திலிருந்து எழுந்துவரத் தடுமாற வைக்கிறது. வந்தே தீரும் என்றில்லை. வந்தால் அது நோய், மருந்து உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "இந்தக் குடும்பத்துல இதே நோய் வந்து பொழச்சவங்க யாரு?"

உறவு சொல்வதில் சூரர்களான நாங்கள் முழித்தோம். செத்தவர்களைத்தான் கணக்கில் வைத்திருந்தோம். கடைசியில் லெவினாவின் அம்மாதான் சொன்னாள், "சலோமி."

சலோமி கிடியனின் தங்கை. எங்களிடையே ஒரே பெயரில் பல பேர் இருப்பதால் பட்டப்பெயர் வைத்துவிடுவோம். அவள் 'படுக்கை சலோமி'. குளிர்காலம் வந்தால் எழுந்திருக்கமாட்டாள். சோம்பேறி என்று சிரித்ததோடு சரி, அண்ணன்மாருக்கு வந்ததுதான் இவளுக்கும் என்று அதுவரை ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

லெவினா அவளைத் தேடிப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள். சலோமி மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் போயிரலாம்னுதான் இருந்தேன்டி. உங்க மாமாகிட்ட வாய விட்டுச் சொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. இன்னிக்கும் காப்பியோட ஒரு மாத்திரை."

"அப்பா ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?"

"உங்கப்பன் நல்ல உழைப்பாளின்னு பேரு எடுத்தவன், எப்படிச் சொல்லுவான்? நான்தான் சோம்பேறின்னு பேரு வாங்கிட்டேனே, அப்புறம் எனக்கென்ன வெக்கம்?"

வண்டியில் திரும்பும்போது லெவினா அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். டைட்டஸிடம் சரி என்றாள்; கார்த்திகைக் குளிரில் கல்யாணம் நடந்தது. லிட்டியா உர்ரென்று உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த சில வாரத்தில் அது வந்தது. சாப்பாட்டு மேசையில், மாமியார் இருக்கும்போதே, லெவினா கரண்டியைக் கீழே வைத்தாள். "டைட்டஸ், வந்துருச்சு. சாகணும்போல இருக்கு."

டைட்டஸ் எழுந்து, கார் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடினான். லிட்டியா மருமகள் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். பதறவுமில்லை, பழையதைப் பேசவுமில்லை. "நீ போயிட்டு வா. ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்தாள். அந்த ஞாயிறுகளில் பெண்கள் லிட்டியாவைச் சூழ்ந்துகொண்டு, மருமகளைக் காணோமே என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். லிட்டியா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒடம்பு சரியில்ல, மருந்து சாப்பிடறா. சோளம் மொளைக்கறதுக்குள்ள வந்துருவா" என்றாள்.

சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் வந்தாள். ஆனால் வந்தாள்.