பிரேக் மாற்றாதவன் வாயைத் திறக்க வைத்த ராக்காச்சி

ராக்காச்சியம்மனைக் கும்பிடும் என் சொந்தங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் கூடலூர் சுகந்தி. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி முடித்தவள் நான். கார் ஓட்டக் கற்றவளும் நான்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையைத்தான் ஒருவன் உடைக்கப் பார்த்தான்.

போன மாசி மாதம், வெயில் ஏறிய மதிய வேளை. குமுளியிலிருந்து காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா. குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில் எனக்கு வேலை. அன்றுதான் அம்மா என் ஆபீசை முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, "இது சுத்துமாத்தா?" என்று கேட்டாள். சுற்றிக் காட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் காரில் ஏறினோம்.

இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. கருகல் வாடை வந்தது. அடுத்த முறை மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

ஒரு பக்கம் பள்ளம். எதிரே தோட்டத் தொழிலாளர்களை நிறைத்துக்கொண்டு ஒரு ஜீப் ஏறி வருகிறது. கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். "ராக்காச்சி!" என்று அம்மா அலறினாள். மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி, காரை நிறுத்தினேன்.

எனக்குச் சிராய்ப்போடு போனது. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். அம்மா திராட்சைத் தோட்டக்காரி. பந்தலுக்கு அடியில் நின்று, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, கவாத்துக் கத்தரியால் கொடி வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

இனி அவனைப் பற்றிச் சொல்கிறேன். பாண்டி. என் தாய்மாமன் மகன். கம்பத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அதற்கு முந்திய வருடம் நான் சொல்லியிருந்தேன். முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

என் கார் பழையது, சின்னது. அதில் மெல்லிய பிரேக் டிஸ்க்தான். ஊருக்குள் ஓட்ட அது போதும். தினமும் மலை ஏறி இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். அதனால் பிரேக்கையே பெரிதாக மாற்ற நினைத்தேன். அதே காரின் உயர்ந்த மாடலுக்கு வரும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர், புது பேட், புது பிரேக் ஆயில். இதைக் கேள்விப்பட்டுப் பாண்டியே வீட்டுக்கு வந்தான். "நான் ஒருத்தன் இருக்கும்போது வெளி ஆளுகிட்டயா கொடுப்ப? கொண்டா சாவிய" என்றான். சொந்தம் என்று நம்பிக் கொடுத்தேன். சக்கரத்து இடைவெளியில் பளிச்சென்று தெரிகிற மாதிரி கேலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, காரைத் திருப்பிக் கொடுத்தான்.

"இனிமே நெனச்ச எடத்துல நிக்கும் புள்ள. உன்னய மாதிரி இல்ல, சொன்ன பேச்சுக் கேக்கும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மாமாவும் அவனும் வந்தார்கள். பெடல் தரையைத் தொட்டதைச் சொன்னேன். பாண்டி மாமாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"நான் போட்ட பிரேக்கு நிக்காமப் போகுமாப்பா? நியூட்ரல்ல தட்டி இறக்கியிருப்பா. பிரேக்கு வெந்துருச்சு."

எங்கள் பக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலையில் நியூட்ரலில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் அவன் சொன்ன பொய் எல்லோருக்கும் உண்மை போலவே இருந்தது.

"கியருலதான் வந்தா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றாள் அம்மா.

"அத்தைக்குக் கியரெல்லாம் தெரியுமாக்கும்?" என்றான். மாமா சிரித்தார். வலியில் படுத்திருந்த என் அம்மாவை அவள் கூடப்பிறந்தவரே பார்த்துச் சிரித்தார்.

அது ஊர்ப் பேச்சானது. படித்த திமிரில் ஆத்தா கையை ஒடித்தவள் என்று என்னைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு அக்கா, "ஏத்தா, கிளச்சு எது, பிரேக்கு எதுன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். எனக்குப் பிறகு படிக்க வந்த சித்தி மகளை டிரைவிங் பழக அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உடனே, நான் ஏன் சாக வேண்டும் என்றும் தோன்றியது.

காரைத் தேனியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். தகர வேலை முடிந்து சக்கரத்தைக் கழற்றியதும் போனில் கூப்பிட்டார்கள். பெரிய டிஸ்க்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய டிஸ்க்கையே தேய்த்துவிட்டு மாட்டியிருந்தான். பேட் கட்டையாகத் தேய்ந்த பழைய பேட். கறுத்துப்போன பழைய ஆயில். சிவப்புப் பெயின்ட் ஒன்றுதான் புதிது.

உண்மையான பெரிய பிரேக்கை அங்கேயே போடச் சொன்னேன். புது கேலிப்பருக்கும் அதே சிவப்பை அடிக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கே தெரியாது. என் வாயில் வந்தது. இப்போது தெரிகிறது, அது என் யோசனை இல்லை. பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. இரும்பைக் காட்டினால், எந்தக் காரில் கழற்றியதோ என்பான். எனக்கு இரும்பு போதாது. அவன் வாய் வேண்டும்.

மலைப்பாதையில் பாதி ஏற்றத்தில், ஒரு வளைவுக்கு மேலே இருக்கிறது நம் ராக்காச்சி கோவில். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி, அவள் முன்னால் இருக்கிற கல்லில் காசை வைத்து அரிவாளால் வெட்டிப் போடுவோமே, அதற்காகப் போனேன். அவன் கை ஒடிய வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அம்மாதான் தடுத்தாள்.

"கை ஒடிஞ்சா அவனப் பாவம்பாக. ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிப் பாப்பாக. வேற கேளு."

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். பழி வாங்கத் தெரிந்தவள். அரிவாளை ஓங்கிக் கேட்டேன்: "ஆத்தா, அவன் வாயாலேயே சொல்லணும். என்னப் பாத்துச் சிரிச்சவுக அத்தனை பேரும் கேக்கணும்." காசு இரண்டாகத் தெறித்தது.

பங்குனி போனது. சித்திரை, வைகாசி போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் பட்டறைக்குப் புதுப் போர்டு வைத்தான். திருவிழாவில் அவனுக்கு முதல் பரிவட்டம் கட்டினார்கள். நான் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோவிலைக் கடக்கும்போது காரை நிறுத்தாமலே போனேன். அவ்வளவு கோபம் எனக்கு அவள்மேல். அவள் என் கோபத்தைப் பொருட்படுத்தவில்லை. தன் வேளைக்காக இருந்திருக்கிறாள்.

ஆடிப் பொங்கல் வந்தது. பங்காளிகள், மாமன் வகையறா எல்லோரும் கோவிலில் கூடியிருந்தோம். பொங்கல் இறக்கும் நேரம், சக்கரத்தில் தெரிந்த சிவப்புப் பெயின்டைப் பார்த்துவிட்டு, பாண்டி என் காரைத் தட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னான்.

"என்ன புள்ள, அதே பிரேக்கு, அதே மலை. இப்ப மட்டும் எப்படி நிக்குது? ஓட்டப் பழகிட்டபோல!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எழுந்தாள். முழுதாக மடங்காத கையைத் தூக்கிப் பூசாரியிடம் காட்டினாள்.

"சாமி, இவன் புது பிரேக்கு போட்டேன்னு ஆத்தா முன்னாடி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டான்னா எம்மக தப்புன்னு நானே ஒத்துக்கிறேன்."

பாண்டி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றான். பொய்ச் சத்தியத்துக்கு அவனுக்குப் பயமில்லை. பூசாரி கல்லில் சூடத்தைப் பற்ற வைத்தார். மலையிடுக்கில் வருகிற ஆடிக் காற்று அதை அணைத்தது. மறுபடி வைத்தார். மறுபடி அணைந்தது. துண்டால் மறைத்துப் பிடித்தும் சுடர் நிற்கவில்லை.

பாண்டி கையை விரித்தான். "நான் அணைக்க வேண்டியத ஆத்தாளே அணைச்சுட்டா. பிறகென்ன? எம்மேல தப்பில்லன்னு அவளே சொல்லிட்டா."

மறுபடி சிரிப்பு. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "ஆத்தா இந்தச் சத்தியத்த வாங்க மாட்டேங்குறா. அவ வேற என்னமோ கேக்குறா" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து வார்த்தை வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

"சூடம் வேண்டாம் மச்சான். நீ போட்ட பிரேக்கு. என் பக்கத்துல உக்காரு. கீழ வரைக்கும் போயிட்டு வருவோம்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "எனக்குப் பொங்கல் வேல கெடக்கு" என்றான்.

"பொங்கல பொம்பளைக இறக்குவாக. ஏறுடா" என்றார் மாமா. மகன்மேல் இருந்த நம்பிக்கையில் அவரே பின்சீட்டில் முதலில் ஏறினார். பூசாரி ஏறினார். அம்மாவும் ஏறிக்கொண்டாள். அத்தனை கண்ணும் பார்க்கும்போது பாண்டியால் எப்படி மறுக்க முடியும்? ஏறினான். சீட் பெல்ட்டைத் தேடித் தேடி மாட்டினான். என் காரில் சீட் பெல்ட் போட்ட முதல் ஆம்பிளை அவன்தான்.

கோவில் வளைவைத் தாண்டி இறங்கினேன். இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல்.

"பிரேக்கப் பிடி" என்றான்.

"எதுக்கு மச்சான்? வளைவு வரட்டும்."

"ஆளு நெறைய இருக்கு. லோடு தாங்காது."

"நீ போட்டது தாங்காதா?"

வளைவு தெரிந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. இடது கையை எடுத்துக் கியர்மேல் வைத்தேன். தட்டவில்லை. வைத்தேன், அவ்வளவுதான்.

"நியூட்ரல் போடாத!" என்று அலறினான். "ஏ புள்ள, தட்டிறாத! அது நிக்காது! பழைய டிஸ்க்குடி அது. பேடு மாத்தல, ஒண்ணும் மாத்தல. நான் பெயின்டுதான் அடிச்சேன். அப்பா, இறக்கி விடச் சொல்லுப்பா! ஆத்தா, ராக்காச்சி, காப்பாத்து!"

மாசி மாதம் என் அம்மா கூப்பிட்ட அதே பெயரை, அதே மலையில், அவனும் கூப்பிட்டான்.

நான் பிரேக்கை மிதித்தேன். மெதுவாகத்தான் மிதித்தேன். ஐந்து பேரோடு, அந்தச் சரிவில், கார் கொஞ்சமும் இழுக்காமல் வளைவுக்கு முன்னாலேயே நின்றது.

பாண்டி என் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "யாரு மாத்துனது?" என்றான்.

"தேனியில. நீ மாத்துனதா சொன்ன அதே சாமான்."

பின்சீட்டில் அம்மா, "கியரு எனக்குத் தெரியும்டா" என்றாள். நான் வாழ்நாளில் கேட்ட வார்த்தைகளில் அதைவிட இனிப்பானது எதுவும் இல்லை.

பூசாரி விடவில்லை. "திருப்பு தாயி. கார்ல சொன்னத அங்க வந்து சொல்லட்டும்" என்றார். திருப்பினேன். டிக்கியைத் திறந்து சாக்கை அம்மன் முன்னால் கொட்டினேன். தேய்ந்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பாண்டி முழுவதையும் சொன்னான். ஏன் செய்தாய் என்று பூசாரி கேட்டார். "என்னயக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னாள்ல. ஒருநா வண்டி நடுரோட்டுல நின்னு என்கிட்ட வரட்டும்னு நெனச்சேன்" என்றான். நிற்க வேண்டியது நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் கேலி பேசிய அக்காவும் அங்கேதான் இருந்தாள். என் கண்ணைப் பார்க்காமல் பொங்கல் பானையைப் பார்த்தாள்.

மாமா வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "ராசாத்தி, நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். அம்மா கையை உருவிக்கொண்டாள். "இந்த வருசக் கவாத்து அவன் வெட்டட்டும். அம்புட்டுத்தான்" என்றாள்.

வெட்டினான். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, எங்கள் பந்தலுக்கு அடியில், கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்று வெட்டினான். அம்மா கீழே கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அங்கன வெட்டாத, அது காய்க்கிற கொடி. இங்கன வெட்டு. ஏலே, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" நான் லீவு போட்டு அதைப் பார்த்தேன். டீ போட்டுக் குடித்துக்கொண்டே பார்த்தேன்.

இப்போது சித்தி மகள் என் காரிலேயே ஓட்டப் பழகுகிறாள். மலையில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை பிரேக் ஆயிலை நானே திறந்து பார்க்கிறேன். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று, கழற்றியதையும் மாட்டியதையும் கண்ணால் பார்க்கிறேன். போகும்போதும் வரும்போதும் ராக்காச்சி முன்னால் நிறுத்தாமல் என் கார் போவதில்லை.

அவனை மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. ஆத்தாவும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

சொந்தங்களே, உங்களுக்கும் யாராவது அநியாயம் செய்திருந்தால், அழுது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். மலையேறி வாருங்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். தாமதமானாலும் விட்டுவிடாதீர்கள். நல்ல மனசோடுதான் சாமி முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் கோபத்தோடுதான் போய் நின்றேன். பூவையும் தேங்காயையும் வாங்கிக்கொண்ட மாதிரியே அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.