ஜுஹு மணலில் ஒரு நடைப் பரீட்சை

போன ஞாயிற்றுக்கிழமை ஜுஹு கடற்கரைக்குப் போயிருந்தேன். எல்லோரும் அங்கே காற்று வாங்கப் போவார்கள். நான் பொய் சொல்லப் போனேன்.

எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் முதல் மாடி கிட்டு ஐயருக்கு ஒரே பெண், லலிதா. ரேஷன் ஆபீஸில் டைப் அடிக்கிறாள். இதுவரை மூன்று கோஷ்டி வந்து, பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிப் போயாயிற்று. ஒரு லெட்டரும் வரவில்லை. காரணத்தை மூன்றாவது மாடி மாமி கண்டுபிடித்துவிட்டாள் - பெண்ணுக்குக் கால் கொஞ்சம் சாய்வாம்! எப்போது அளந்து பார்த்தாளோ?

"இந்தத் தடவை ஆத்திலே வேண்டாம், ஓய்!" என்றார் கிட்டு ஐயர். "இதுவும் தட்டிப்போனா அப்புறம் ஒருத்தனும் வரமாட்டான். ஜுஹுவிலே ஈ காக்கா கிடையாது. பிள்ளையாத்துக்காராளும் காத்து வாங்க வரா, நாமும் காத்து வாங்கப் போறோம். நீர் ரெண்டு பேருக்கும் சிநேகிதர். தற்செயலாப் பார்த்த மாதிரி 'அடடே'ங்கணும். அவ்வளவுதான்."

'அடடே' சொல்ல எனக்கென்ன கஷ்டம்? வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களிடம் சொல்வதுதானே!

ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம்... சனிக்கிழமை சாயங்காலம் கிட்டு ஐயர் மாடி மாடியாக ஏறி, யாரும் கேட்காமலே, "நாளைக்கு நாங்க எங்கேயும் போகலை" என்று சொல்லிவிட்டு வந்தார். மணலில் விரிக்க ஒரு ஜமக்காளமும் இரவல் வாங்கினார். யாரிடம்? மூன்றாவது மாடி மாமியிடம்!

தாதரில் வண்டி மாறி, சாந்தாகுருஸில் பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். மணல், தென்னை, அலை - வேறு ஒன்றுமில்லை. அந்த வெட்டவெளியில் ஜரிகைப் புடவை, வைரத்தோடு, தலை கொள்ளாத பூ, ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கிண்டிய சொஜ்ஜி, கேரியர் நிறைய பஜ்ஜி. காற்று வாங்க வந்தவர்களாம்! வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர்கூட வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் "அடடே!" என்றேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அவர்கள் இன்னும் ஐம்பது கெஜம் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளை மணலையே பார்த்துக்கொண்டு சொஜ்ஜி சாப்பிட்டான். அதற்குள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியது யார் என்கிறீர்கள்? மாமியேதான். புருஷனையும் கூட்டிக்கொண்டு!

"இவருக்கு இழுப்பு. கடல் காத்து நல்லதாம்" என்றாள். தன் ஜமக்காளம்தானே... உரிமையோடு பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஏதோ சொன்னாள்.

பிள்ளையின் அம்மா லலிதாவின் பாதத்தைப் பார்த்தாள். "கொழந்தை அந்தக் கடைசித் தென்னை வரைக்கும் நடந்து காமிக்கட்டுமே!"

கிட்டு ஐயர் முகம் வெளுத்தது. ஆனாலும் சிரித்தார். "நடந்துட்டு வாயேண்டி, லல்லி."

லலிதா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாட்டு நடப்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன், அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசினேனா? பஜ்ஜியை மென்றேன்.

"அந்தத் தென்னை வரைக்கும்தானே மாமி?" என்று கேட்டாள் லலிதா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். நடந்தாள்.

நிமிர்ந்த நடை. தென்னை வந்தது.

"போறும், திரும்பி வரச் சொல்லுங்கோ" என்றாள் பிள்ளையின் அம்மா.

லலிதா திரும்பவில்லை. தென்னையைத் தாண்டினாள், ரோட்டில் ஏறினாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். மாமியை இறக்கிவிட்ட பஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டது.

"லல்லி! லல்லி!" என்று கிட்டு ஐயர் மணலில் ஓடினார். பஸ்ஸைப் பிடிக்க முடியுமா?

பஸ் மறையும்வரை பார்த்திருந்த பிள்ளையின் அம்மாதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். "கால்லே ஒரு கோளாறும் இல்லை."

புதன்கிழமை லெட்டரே வந்துவிட்டது. பிள்ளைக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டதாம்; அவனே எழுதியிருக்கிறான்.

பதிலா? "லெட்டர் போடறோம்னு சொல்லுங்கோ" என்கிறாள் லலிதா.