எரியுது என்று அவள் சொன்னபோது

என் கணவரின் தங்கைக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்தேதான் இந்தச் செல்லூர் வீட்டுக்கு வாழ வந்தேன். மாத்திரைகளோடு அவள் அமைதியாகவே இருந்தாள். போன மாதம் திடீரென்று கக்கூஸுக்குள் போக மறுத்தாள்.

"உள்ள மிளகாய்ப்பொடி தூவி வச்சிருக்காங்க மதினி. எரியுது."

பாயிலேயே நனைத்துக்கொண்டாள். என் இரண்டு வயது மகள் பக்கத்தில் போனால் கத்தினாள்.

"மறுபடி ஏறிருச்சு. ஆஸ்பத்திரியில விட்ருவோம், பச்சப்புள்ள இருக்குற வீடு," என்றார் மாமியார். மகளை நினைத்தால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் எரியுது என்று அவள் சொன்னது மட்டும் உறுத்தியது. சிறுநீரில் கிருமி வந்தபோது என் மகளும் இப்படித்தான் காலை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

"ஒருவாட்டி யூரின் டெஸ்ட் பாத்துருவோம் அத்தை."

"அவ சொல்றதுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தா எம்புட்டுத்தான் எடுப்ப?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் கூட்டிப் போனேன். கிருமி இருந்தது. அதனாலும் மனநோய் கிளம்பலாம், முதலில் இதைக் குணப்படுத்துவோம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் விடும் பேச்சு அத்தோடு நின்றது.

மருந்து முடியும் முன்பே ஒரு காலையில் அவளாகக் கக்கூஸுக்குப் போய்வந்தாள்.

"அந்த மிளகாய்ப்பொடிய யாரு மதினி கழுவி விட்டது?"

"நான்தான்," என்றேன். கிருமிதான் காரணம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? அவள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். நான் சோற்றைப் போட்டு, மாத்திரையையும் எடுத்து வைத்தேன்.