துரை ஒளிந்த சட்டை

என் பேத்தி வளர்க்கும் ஹாம்ஸ்டர் சென்ற ஞாயிறன்று கூண்டிலிருந்து தப்பிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் எங்கே போய்விடும் என்று நாம் நினைப்போம். அழுகிற குழந்தையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். என் கணவர் டார்ச்சுடன் கட்டிலுக்கடியில் மண்டியிட்டார். மகள் கைப்பேசியைப் பார்த்துக் கதவுகளைச் சாத்தச் சொன்னாள். பிறகு, "அது படுத்திருந்த பழைய பஞ்சைத் தரையில வைக்கணுமாம். வாசனையைத் தேடி வருமாம்" என்றாள். சிரிக்கமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் என் மூக்கில் ஏறியது இயந்திர எண்ணெய் வாசனை.

எழுபதுகளின் நடுவில், மணமான புதிதில், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டுவீட்டின் பாதியில் குடியிருந்தோம். மறுபாதியில் வீட்டுக்காரர் ரத்னம்மா. என் கணவர் இரும்பு ஆலை ஒன்றில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர். திருவள்ளூரிலிருந்து நான் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு வந்தேன். அவரிடம் இருந்ததோ ஒரு வெள்ளை எலி. சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கி, மரப்பெட்டியில் கம்பிவலை அடித்து வளர்த்தார். நிறத்தை முன்னிட்டு 'துரை' என்று பெயர். என்னிடம் பேசியதைவிடத் துரையிடம் அவர் பேசியது அதிகம். எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட புதுப்பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

துரைக்கு மெத்தை, ஆலையில் கை துடைக்கும் நூல் கழிவு. அதிலும் எண்ணெய் வாசனைதான். எனக்கு அது ஒவ்வாது. அவருடைய வேலைச் சட்டைகளை என் புடவைகளோடு சேர்க்காமல் பின்கட்டில் ஒரு தகர வாளியில் போட்டு வைத்து, விடுமுறைக்கு முந்தின நாள் சலவைச் சோடா கலந்த கொதிநீரை ஊற்றி ஊறவைப்பேன்.

அப்படியொரு நாள், அவர் பகல் ஷிஃப்டுக்குப் போனபின், துரைக்குப் பொரி வைக்கப் போனால் வலையின் மூலை ஆணி கழன்றிருந்தது. பெட்டி காலி. அறுவடை முடிந்து வயல் எலிகள் வீடேறும் காலம் அது. முந்தின நாள்தான் ரத்னம்மா தேங்காய்ச் சில்லுகளில் மருந்து தடவி மூலைக்கு மூலை வைத்திருந்தார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "தொர காணோமா? கப்பலேறிட்டாரா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அய்யய்யோ, ஊடு பூரா மருந்து வெச்சிருக்கேனே!"

சில்லுகளை ஒன்றுவிடாமல் முறத்தில் பொறுக்கினார். தம் பூனையைக் கூடையால் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றினார். "கம்னு கெட. தொர வர்ற வரைக்கும் உனக்கு ஜெயிலு." பிறகு என் பக்கம் திரும்பி, "மருந்து வெச்ச கையால எலியத் தேடிக்கினு கீறேன் பாரு. ஆனா சொல்ட்டேன், நான் அத்தத் தொடமாட்டேன். கொமட்டிக்கினு வரும்."

அரிசிப்பானைக்குப் பின்னால் தேடினோம், விறகுக்கடியில் தேடினோம், என் புத்தகப் பெட்டியையும் கவிழ்த்தோம். என் கணவர் கோபிக்கமாட்டார் என்பதுதான் என் பயம். ஒன்றும் சொல்லாமல் காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றுவார். எங்களுக்குள் இருந்த கொஞ்சப் பேச்சும் அதோடு பரணேறிவிடும்.

"அடுப்புல தண்ணி சுண்டுது பாரு. அத்த ஊத்திட்டு வாம்மா, அப்பால தேடலாம்" என்றார் ரத்னம்மா.

கொதிக்கும் பாத்திரத்தைத் துணிபிடித்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வாளியிலிருந்து ஒரு சட்டைக்கை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. சாய்க்கக் குனிந்தபோது அந்த எண்ணெய் வாசனை எழுந்தது. வழக்கம்போல் முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பிறகே உறைத்தது: இந்த வாசனையில்தானே அது தூங்கும்! பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். மேலே கிடந்த சட்டை மெல்ல அசைந்தது.

"ரத்னம்மா!" என்றேன், பாதிக் குரலில். தொடமாட்டேன் என்றவர் பாய்ந்து வந்து அந்தச் சட்டையின் கழுத்தையும் அடியையும் மறுகையையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்தார். "கைக்குள்ள துள்றாம்மா! பொட்டிய வையி, சீக்கிரம்!" தொங்கிய கையின் வாயில் பெட்டியைச் சாய்த்து, உள்ளே பொரியைத் தூவினேன். முதலில் மீசை, பிறகு இளஞ்சிவப்பு மூக்கு, பிறகு வாய் நிறைய நூலுடன் துரை தம் மாளிகைக்குள் எழுந்தருளினார்.

"என் உசுரு போய் உசுரு வந்துச்சு. இவரு நோவாம பொரி துன்றாரு" என்று ரத்னம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடைக்குள் பூனை கத்திக்கொண்டேயிருந்தது.

மாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா இது, இம்மாம் பெரிய ஓட்ட?"

"உங்க தொர உங்களத் தேடிக்கினு போனாரு" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டீ ஆறும்வரை கதை கேட்டு, பூனை ஜெயிலுக்குப் போன இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு தனி வாளியை ஒழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, புடவைகளும் முக்கியமல்லவா? முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வதில்லை.

ஹாம்ஸ்டர் அன்று மாலையே தன் பஞ்சுக்குத் திரும்பிவிட்டது. மண்டியிட்டிருந்தவர் என் தோளைப் பிடித்து எழுந்தார். அந்த ஓட்டுவீடும் ரத்னம்மாவும் இன்றில்லை. மூர் மார்க்கெட்டும் இல்லை. தோளில் இருந்த கையில் சந்தனச் சோப்பின் மணம் மட்டுமே வந்தது. எந்தச் சோடாவுக்கும் அசையாத அந்த எண்ணெய் வாசனை, அவர் ஓய்வுபெற்ற பிறகு தானாகவே போய்விட்டிருக்கிறது. போன நாளை நான் கவனிக்கவில்லை.